வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? டர்பன் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2016-இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் மாமியார் அடுக்களை மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வலது கையிலிருந்து கீரைக்கட்டு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். அதற்கப்புறம் ஆறரை வருஷம், இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனையொட்டிய சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுப் பின்னறையில் அவரைப் பார்த்துக்கொண்டேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். நர்ஸும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் கோயிலில் கூழ் ஊற்றும் வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது பக்கத்தில் வந்து மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளும் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களும் இங்கே. தொகைகள் 2025-இல் இருந்தவை. வருஷாவருஷம் ஏறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் என் அம்மாவைத்தானே பார்த்துக்கொள்கிறேன், என்னையும் "பராமரிப்பாளர்" என்பார்களா?

ஆமாம். அந்தச் சொல் நம் வாயில் வராது என்பது உண்மைதான். "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கேன், அம்மாவைப் பார்த்துக்கிட்டு" என்போம். அந்தச் "சும்மா"வுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, நான்கு வேளை மாத்திரை, லினன் சேவர் (படுக்கை நனையாமல் அடியில் போடும் விரிப்பு) மாற்றுவது, மசித்த சோறும் ரசமும் அரை மணி நேரம் ஊட்டுவது, ஊட்டியபின் இன்னும் அரை மணி நேரம் சாய்ந்து உட்கார வைப்பது, துணி, குளியல், இரவு விழிப்பு. கணக்குப் போட்டால் 14 மணி நேரம் வந்தது. இதற்கு மேல்தான் வீட்டு வேலை.

எனக்கு அரசாங்கம் ஏதாவது பணம் தருமா?

உங்கள் பெயருக்குத் தராது. படுத்திருப்பவர் பெயருக்குத் தரும். இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சமூக உதவித்தொகையெல்லாம் 2004-ஆம் வருஷத்துச் சட்டப்படி சாசா என்ற முகமை வழியாக வருகிறது. 60 வயதானவருக்கு முதியோர் கிராண்ட், நாம் பென்ஷன் என்பது அதைத்தான். 2025 ஏப்ரலில் அது மாதம் 2,315 ராண்ட். 18 முதல் 59 வயதுவரை உடல் அல்லது மனக் குறைபாட்டால் வேலை செய்ய முடியாதவருக்கு ஊனமுற்றோர் கிராண்ட், அதுவும் அதே தொகை. இந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே வாங்குபவருக்கு, இன்னொருவர் துணையில்லாமல் அன்றாடம் நடக்காது என்று டாக்டர் சொன்னால், அதன் மேல் கூடுதலாக ஒன்று உண்டு. அதன் பெயர் கிராண்ட்-இன்-எய்ட். 2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்ட்.

இந்தக் கிராண்ட்-இன்-எய்ட் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கே இரண்டு வருஷம் தெரியாது. மாமியாரின் பென்ஷனுக்காக எத்தனையோ தடவை அந்தக் கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன், ஒருவர்கூடச் சொல்லவில்லை. மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு ஜூலு அம்மா தன் கோகோவைப் பற்றி, அதாவது பாட்டியைப் பற்றிப் பேசும்போது வாய்தவறிச் சொன்னதுதான். விண்ணப்பித்த நாளிலிருந்துதான் பணம், முந்தைய மாதங்களுக்குக் கிடையாது. இரண்டு வருஷம் போனது போனதுதான்.

560 ராண்ட் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட். வகுத்துப் பாருங்கள், பத்தொன்பதரை மணி நேரம்கூட வராது. மாதம் முழுவதற்கும் அவ்வளவுதான். நான் எழுதிப் பார்த்த 14 மணி நேரக் கணக்கில், திங்களன்று தொடங்கினால் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் தீர்ந்துவிடும் கூலி. இருந்தாலும் வாங்குங்கள். எங்கள் வீட்டில் லினன் சேவருக்கும் பெரியவர்கள் நாப்பிக்கும் போன பணத்தில் ஒரு பங்கை அது தாங்கியது.

உங்களுக்கென்று ஏதாவது வேண்டுமென்றால், வேலையில்லாத, வேறு வருமானமில்லாத 18 முதல் 59 வயதுக்காரருக்கு 2025-இல் மாதம் 370 ராண்ட் இடர் உதவி இருந்தது. மாதம் 624 ராண்டுக்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால் மறுத்துவிடுவார்கள். கனடாவிலிருந்து தம்பி அம்மா செலவுக்கு அனுப்பும் பணம் உங்கள் கணக்கில் விழுந்தாலும் அது உங்கள் வருமானமாகத்தான் தெரியும். அதை அம்மா கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

கிராண்ட்-இன்-எய்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

சாசா அலுவலகத்தில். விண்ணப்பம் இலவசம். "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். படுத்திருப்பவரின் அடையாள அட்டையும், மூன்று மாதத்துக்குள் எடுத்த மருத்துவ மதிப்பீடும் வேண்டும். அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவருக்கு இது கிடையாது.

அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே என்பீர்கள். போக வேண்டியதில்லை. அவர் வர இயலாது என்று டாக்டர் எழுதிய கடிதத்தோடு நீங்கள் போகலாம், அவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்க ஏற்பாடு செய்வார்கள். நான் இது தெரியாமல் முதல் தடவை மாமியாரை வாடகை வண்டியில் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு காலை ஐந்தரைக்குப் போய் வரிசையில் நின்றேன். பத்து மணிக்கு அவர் துணி நனைந்துவிட்டது. மாற்ற ஓர் இடம் இல்லை. என் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொள்ள இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள், ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

விண்ணப்பம் கொடுத்ததும் தேதி போட்ட ரசீது தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள், பணம் அந்தத் தேதியிலிருந்துதான். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சாசாவின் இலவச எண் 0800 60 10 11.

மகன் நன்றாகச் சம்பாதிக்கிறான், அதனால் பென்ஷன் கிடைக்காது என்கிறார்களே?

தவறு. பார்ப்பது முதியவருடைய வருமானமும் சொத்தும், கணவனோ மனைவியோ இருந்தால் அவருடையதும். பிள்ளையின் சம்பளம் கணக்கில் வராது. அவர் குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பும் வராது. இதை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்த இரண்டு குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். இன்னொன்று: குடியுரிமை உள்ளவர், நிரந்தரவாசி, அகதி அந்தஸ்து பெற்றவர், இவர்களுக்குத்தான் இந்தக் கிராண்ட். பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வரவழைத்த பெற்றோருக்குக் கிடையாது.

என் பிள்ளைக்குப் பிறவியிலேயே குறைபாடு. அவனுக்கு?

18 வயதுக்குள் இருந்து, கடுமையான குறைபாட்டால் வீட்டில் நிரந்தரக் கவனிப்பு தேவைப்பட்டால், கேர் டிபென்டன்சி கிராண்ட் உண்டு, 2025 ஏப்ரலில் 2,315 ராண்ட். இதில் பெற்றோர் வருமானம் பார்ப்பார்கள். பலரும் தடுக்கி விழும் இடம் 18-ஆவது பிறந்தநாள். அந்த மாதத்தோடு இது நின்றுவிடும், ஊனமுற்றோர் கிராண்டாக தானாக மாறாது. பையன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சில மாதம் முன்பே அவன் அடையாள அட்டையை எடுத்து வையுங்கள்.

வேலைக்குப் போகிறேன். அம்மாவுக்கு முடியாதபோது லீவு கிடைக்குமா?

1997-ஆம் வருஷத்து வேலைநிலைச் சட்டத்தில் குடும்பப் பொறுப்பு லீவு என்று வருஷத்துக்கு 3 நாள், சம்பளத்தோடு உண்டு. நான்கு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருக்க வேண்டும், வாரத்தில் குறைந்தது நான்கு நாளாவது வேலை இருக்க வேண்டும். எதற்கெல்லாம் என்று படித்தால் வயிறு எரியும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் உண்டு. பெற்றோர் இறந்தால் உண்டு. பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்றால் கிடையாது. அம்மா செத்தால் லீவு, படுத்தால் இல்லை. மாமியார், மாமனார் அந்தப் பட்டியலிலேயே இல்லை, செத்தாலும். சில கம்பெனிகள் தங்கள் விதிகளில் இதைவிடத் தாராளமாக வைத்திருக்கின்றன, அதனால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் ஒரு வாரம் யோசியுங்கள். நீங்களாக விட்டால் வேலையில்லாக் காப்பீட்டுப் பணம், அதாவது யூஐஎஃப், கிடையாது. நான் விட்டேன். தையல் வேலை, பத்து வருஷ சர்வீஸ். குறைந்த நேர வேலை கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது தோன்றவேயில்லை, வீட்டில் யாருக்கும்.

மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவு?

கிராண்ட் வாங்குபவருக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். கையில் கிராண்ட் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர் மாதாமாதம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நாள்பட்ட நோய் மருந்தைப் பக்கத்து மருந்துக்கடைக்கே அனுப்பும் அரசுத் திட்டம் இருக்கிறது, கிளினிக்கில் கேட்டுச் சேருங்கள். அங்கேயே கம்யூனிட்டி கேர்கிவர் வீட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள். எங்களுக்கு வந்த பெண் சொல்லிக் கொடுத்துத்தான் விரிப்பைப் போட்டுப் புரட்டுவது தெரிந்தது. அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி என் முதுகைக் கெடுத்துக்கொண்டிருந்தேன், அவர் தோளையும்.

ஆயா இப்போது தமிழில் மட்டும்தான் பேசுகிறார். பேரப்பிள்ளைகளுக்குப் புரியவில்லை. என்ன செய்ய?

இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

என் மாமியார் டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டில் தமிழ். கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் முழுக்க இங்கிலீஷ். நான் மருமகளாக வந்தபோது என் தமிழைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார், இரண்டு வார்த்தை பேசிவிட்டு இங்கிலீஷுக்குப் போய்விடுவார். பக்கவாதத்துக்குப் பின் இங்கிலீஷ் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் படம் போட்ட அட்டைகளைக் காட்டி "இது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார். மாமியார் வாய் திறக்கவில்லை. "குழப்பம்" என்று எழுதிக்கொண்டார். நான் அதே அட்டைகளைத் தமிழில் கேட்டேன். குடம், பசு, செருப்பு, சாவி. வரிசையாகச் சொன்னார். சாவியை மட்டும் "தொறப்பு" என்றார், எனக்கே ஒரு நொடி ஆயிற்று. அந்தப் பெண் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

கடைசி இரண்டு வருஷம் சாயங்காலமானால் "மாடு கட்டியாச்சா?" என்று கேட்பார். பிள்ளைகள் ஏதோ உளறல் என்றே நினைத்தார்கள். அது உளறலில்லை. ஐந்து வயதுப் பெண்ணாக அவர் தினமும் கேட்ட கேள்வி, அல்லது அவரிடம் யாரோ கேட்டது. "இங்கே மாடே இல்லை, மா" என்று என் கணவர் சொன்னால் பதறுவார், எழுந்து போகப் பார்ப்பார். "கட்டியாச்சு, அத்தை" என்று நான் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். என் மகனுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தேன். "கட்டியாச்சு ஆயா" என்பான், ஆப்பிரிக்கான்ஸ் சாயலில். போதும், அவர் தூங்கிவிடுவார்.

ஆகவே ஒரு தாளில் இருபது சொல் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். தண்ணி, வலிக்குது, குளிருது, மேலே தூக்கு, போதும், வெளிக்கி. தமிழ் ஒலியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாலும் சரி. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அதை நர்ஸிடம் கொடுங்கள். தமிழில் முனகும் ஒருவர் வலி என்று சொல்வது அங்கே யாருக்கும் தெரியாமல் இரவெல்லாம் போய்விடும். மறதி நோய் என்றால் அல்சைமர்ஸ் சவுத் ஆப்பிரிக்காவிடம் குடும்பத்தினருக்கான வழிகாட்டல் கிடைக்கும்.

அம்மாவின் பேங்க் கார்டை நான்தான் வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது, ஆனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். கார்டைக் கொண்டுபோய்ப் பின் நம்பர் அடித்துப் பணம் எடுப்போம். கார்டு காலாவதியாகும் நாள்வரை ஓடும், அன்று நிற்கும். எனக்கு அந்த நாளில் கவுன்ட்டரில், "அவரே வந்து கைரேகை வைக்கட்டும்" என்றார்கள்.

"பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்திருக்கிறோமே" என்பார்கள். கவனியுங்கள்: தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போனதும் அந்தப் பவரும் செல்லாமல் போகிறது. எதற்காக எழுதினோமோ அந்த நேரத்தில் அது காகிதம். வேறு சில நாடுகளில் தொடர்ந்து செல்லும் வகை உண்டு, இங்கே இல்லை. அதன்பின் வழி இரண்டு. 2002-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி மாஸ்டர் ஆஃப் தி ஹை கோர்ட் என்ற அதிகாரியிடம், அவர் பணத்தையும் சொத்தையும் பார்த்துக்கொள்ள நிர்வாகி நியமனம் கேட்கலாம். சொத்து 2,00,000 ராண்டுக்கும் வருஷ வருமானம் 24,000 ராண்டுக்கும் மேல் போனால் விசாரணை வைப்பார்கள். இரண்டாவது வழி, அதே வேலைக்கு உயர்நீதிமன்றமே நியமிக்கும் கியூரேட்டர், அதற்கு வக்கீல் செலவு எகிறும். சாசா பணத்துக்கு மட்டும் என்றால், அவருக்குத் தெளிவு இருக்கும்போதே பணம் வாங்க உங்களைப் பிரதிநிதியாக சாசாவில் பதிவு செய்யலாம். தெளிவு இருக்கும்போதே. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணன் தம்பி எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். எப்படிக் கேட்பது?

"உதவி பண்ணுங்க" என்று கேட்டால் "சரி, பார்க்கலாம்" என்பார்கள். அவ்வளவுதான். நான் கடைசியில் ரசீதுகளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்சப்பில் போட ஆரம்பித்தேன், ஒரு வார்த்தையும் எழுதாமல். மூன்றாவது மாதம் ஜொஹானஸ்பர்க் கொழுந்தனார் நாப்பி செலவைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நாத்தனாரிடம் பணம் கேட்கவில்லை, இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை வந்து உட்காரச் சொன்னேன். முதல் தடவை வந்தபோது, "இவ்வளவா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரமும் கார் ஷெட்டில் நாற்காலி போட்டுத் தூங்கினேன்.

மகள் ஊரில் இருந்தும் மருமகள்தான் பார்க்க வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். கேட்டேன். பயனில்லை.

ஆள் வைத்தால் என்ன? ஹோமில் விட்டால் பாவமா?

ஆள் வைப்பதென்றால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாதீர்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவரை யூஐஎஃபில் பதிவு செய்ய வேண்டும், அவர் பங்கு 1 சதவீதம், உங்கள் பங்கு 1 சதவீதம். நம் அலுப்பை இன்னொரு பெண்ணின் வயிற்றில் இறக்கி வைப்பது சரியில்லை.

ஹோம் பற்றி: சாட்ஸ்வொர்த்தில் ஆரியன் பெனவலன்ட் ஹோம் 1921-இல் தொடங்கிய அமைப்பு. டர்பனில் டாஃப்டா என்ற முதியோர் அமைப்பு இருக்கிறது. இடம் கிடைப்பதுதான் கஷ்டம், அதிலும் ஃப்ரெயில் கேர் படுக்கை, அதாவது தானாக எதுவும் செய்ய முடியாதவருக்கான இடம். முன்பே பெயர் கொடுத்து வையுங்கள், பெயர் கொடுத்ததால் அனுப்பியாக வேண்டும் என்றில்லை. அரசு ஒப்பந்தத்தில் இயங்கும் இல்லத்தில் சேர்த்தால் நான்காவது மாதத்திலிருந்து அவர் பென்ஷன் கால் பங்காகக் குறையும். தீராத நோயின் கடைசிக் கட்டம் என்றால் ஹாஸ்பிஸைக் கூப்பிடுங்கள், சாட்ஸ்வொர்த்திலும் ஒன்று உண்டு. அங்கே சேர்ப்பது மட்டும் அல்ல, வீட்டுக்கும் நர்ஸ் வருவார்.

பாவமா என்றால், என் பதில் இல்லை. ஊர் வாய் வேறு சொல்லும். ஊர் வந்து இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் போடப் போவதில்லை.

2006-ஆம் வருஷத்து முதியோர் சட்டத்தில், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு இடையிடையே ஓய்வு தரும் கவனிப்பும் ஆலோசனையும் திட்டங்களில் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. சமூக நலத்துறை அலுவலகத்தில் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அது கிடைக்கவில்லை, கேட்கவும் தெரிந்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன்.

நானும் ஓங்கியிருக்கிறேன். ஊட்டிய கஞ்சியை மூன்றாவது தடவையாகத் துப்பினார், கரண்டியைச் சுவரில் எறிந்தேன். அவர் சிரித்தார், அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. அப்படி வரும்போது கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து நிமிஷம் அவர் பசியோடு இருந்தால் ஒன்றும் ஆகாது. தூக்கம் போய், சாப்பாடு போய், இதெல்லாம் முடிந்தால் தேவலை என்று மனசு ஓட ஆரம்பித்தால், மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கான சடாக் அமைப்பின் 0800 567 567 எண்ணைக் கூப்பிடுங்கள், இலவசம், இரவிலும் எடுப்பார்கள். முதியவருக்கு அடி விழுகிறது என்று தெரிந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அது உங்களை நீங்களே நிறுத்திக்கொள்ளவும் ஒரு காரணம்.

அவர் போனபின் என்ன செய்ய வேண்டும்?

இறப்புச் சான்றோடு சாசாவுக்குச் சொல்லுங்கள். இறந்த மாதக் கடைசி நாளோடு கிராண்ட் முடியும், அதற்குப்பின் வந்து விழும் பணத்தை எடுத்தால் திருப்பிக் கேட்பார்கள். சக்கர நாற்காலி ஆஸ்பத்திரியுடையது என்றால் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பாக்கெட் லினன் சேவர் மிச்சம் இருந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் அதை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன், அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே மருந்து வேளை எழுதும் நோட்டும், கட்டிலருகே ஒட்டியிருந்த அந்தத் தாளும்.